சூளைக்கரையில் எடுத்த படங்கள்

எங்கள் ஸ்டுடியோ நெய்யாற்றங்கரையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற சாலையில் இருந்தது. முன்னறையில் திரையும் ஒரு நாற்காலியும் காகிதப் பூ வைத்த ஜாடியும். அதற்குப் பின்னால் இருட்டறை. அதற்கும் பின்னால் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் படம் எடுப்பார். படங்களைக் கழுவுவது, காயப் போடுவது, ஓரம் வெட்டுவது எல்லாம் என் பாடு. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மருந்து வாடை தலைவலி கொடுத்தது. பிறகு என் அம்மை வீட்டுக்குப் போனால் அந்த வாடை இல்லாமல் உறக்கம் வராது என்கிற நிலைமைக்கு வந்தேன்.

ஊர் சின்னது. ஆற்றை ஒட்டிக் கூரை ஓடு சுடுகிற ஓட்டுக் கம்பெனியும் அதன் உயரமான புகைக்குழாயும். கொஞ்சம் தள்ளிச் செங்கல் சூளைகள். அமரவிளைப் பாலத்தைத் தாண்டினால் தறிகள், நூலுக்குச் சாயம் முக்குகிறவர்கள். காலையில் இறங்கினால் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முழுவதையும் நடந்தே பார்த்து முடித்து விடலாம். பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஓட்டுக் கம்பெனியில் ஏதோ மெஷினைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். கழுத்தில் ஜெர்மன் காமிரா. ஃபிலிம் வாங்க எங்கள் கடைக்கு ஏறியவர், "இவிட படம் எடுக்கான் கொள்ளாவுந்ந ஸ்தலம் வல்லதும் உண்டோ?" என்று கேட்டார். படம் எடுக்கத் தோதான இடம் ஏதாவது உண்டா என்று. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னைக் கடையைப் பார்த்துக் கொள்ளச் சொல்லி விட்டு அவரை ஆற்றங்கரைக்குக் கூட்டிக் கொண்டு போனார். சாயங்காலம் இரண்டு பேரும் முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார்கள். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு இன்ஜினியர் தன் சிநேகிதர்களோடு வரத் தொடங்கினார். ஒரு டாக்டர், ஒரு காலேஜ் வாத்தியார், இன்னும் சிலர். எல்லாரும் காமிரா வைத்திருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கோயிலில் ஜெபம் உண்டு என்பதால் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் நடப்பார். வெயில் எந்த நேரத்தில் எங்கே விழும் என்பதெல்லாம் அவருக்குள் ஒரு கணக்காகவே உருவாகி விட்டிருந்தது. முதலில் குளிக்கடவு, பிறகு ஓட்டுக் கம்பெனி முற்றம், வெயில் சரியும் முன்னால் சூளை, கடைசியில் பாலம். ஊரில் இதற்குக் 'காமிராக்காரங்க நடை' என்று பேர் விழுந்தது.

இரண்டாவது நடையிலேயே மண் சுமக்கிற பெண்கள் மறுத்து விட்டார்கள். "அன்னிய ஆம்பிளைகள் வந்து நிண்ணு படம் பிடிக்கதுக்கு நாங்க என்ன கூத்தா காட்டுதோம்?" என்று ஒருத்தி சட்டியைக் கீழே போட்டாளாம். அதனால் அடுத்த முறையிலிருந்து நானும் கூடப் போனேன். நான் போய்ப் பேசி, சம்மதம் என்று சொல்கிறவர்களை மட்டும் எடுப்பார்கள். சம்மதிக்காதவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக் கொண்டு திரும்பி நிற்பார்கள். அப்படித்தான் சூளையில் எல்லாரோடும் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது.

அங்கே சூளைக்குத் தீப்போடுகிற ஒருவர் இருந்தார். பாறசாலைப் பக்கத்துக்காரர், எங்களைப் போல மிஷன் கோயில் குடும்பம். நல்ல உயரம். நீளமான கம்பால் விறகை உள்ளே தள்ளுவார். தீ வாயைத் திறக்கும்போது அவர் மேல் செம்மண் நிறத்தில் ஒரு வெளிச்சம் விழும். அதைக் கண்டால் காமிராக்காரர்கள் எல்லாரும் அங்கேயே நின்று விடுவார்கள். புகைக்காகத் துண்டைத் தலையோடு வாயையும் சேர்த்துக் கட்டியிருப்பார். அவருக்குப் படம் எடுப்பதில் ஒரு கூச்சமும் கிடையாது. "எந்தப் பக்கம் திரும்பணும் சாரே?" என்று அவரே கேட்பார். அவர்கள் சொல்கிறபடி கம்பைத் தூக்குவார், குனிவார், நிமிர்வார்.

ஒவ்வொரு முறையும் அடுத்த தடவை பிரதி கொண்டு வருகிறோம் என்று சொல்லி விட்டுப் போவார்கள். யாரும் கொண்டு வந்ததில்லை. மறப்பது வழக்கம்தான், வேண்டுமென்று செய்ததில்லை. அவர் என்னைக் கண்டால் போதும். "மயினி, எனக்க படம் வந்துதா?" என்பார், அண்ணி முறை வைத்து.

"அவியகிட்ட எதுக்குக் கேக்கிய? நம்ம கடைக்கு வாருங்க. இவரு எடுத்துத் தருவாரு," என்று ஒரு நாள் சொன்னேன்.

"வாறேன் மயினி. அவ மாசமா இருக்காளாக்கும். பிள்ளை பிறக்கட்டும். மூணு பேருமா நாற்காலியில இருந்து ஒரு படம். நான் வெள்ளைச் சட்டை போட்டு வருவேன் பாருங்க."

அவர் மனைவியும் அதே சூளையில் கல் அடுக்குகிறவள். இதைக் கேட்டு, "சட்டை எங்க இருக்கு? முதல்ல சட்டை தைக்கச் சொல்லுங்க மயினி," என்று சிரித்தாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக் கொள்வாள்.

அந்த வருஷங்களில்தான் எல்லைப் பேச்சு சூடாகிக் கொண்டிருந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் மதராசோடு சேர வேண்டும் என்று தெற்கே ஊர்வலங்களும் ஹர்த்தாலும். எங்கள் பக்கம் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோயிலில் இரண்டும் என்று பழகியவர்கள் நாங்கள். ஆனால் பேச்சு மெல்ல மெல்ல மாறியது. எங்கள் கடைப் பலகையில் இரண்டு எழுத்தும் இருந்தன. ஒரு நாள் காலையில் தமிழ் எழுத்தின் மேல் யாரோ தார் பூசியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தார். முழுவதும் போகவில்லை.

கடைசியாக நடந்த நடையில் காலேஜ் வாத்தியார் தீப்போடுகிறவரிடம் விளையாட்டாகக் கேட்டார், நீ எந்தக் கட்சி, தமிழ்நாடோ, திருவிதாங்கூரோ என்று. அவர் துண்டை வாயிலிருந்து இறக்கினார். "கூலி கேக்கையில நான் தமிழில கேப்பேன் சாரே. இல்லைன்னு சொல்லுகையில முதலாளி மலையாளத்தில சொல்லுவாரு. பின்னே நான் எந்தக் கட்சியா இருக்கணும்?" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார் போய் விட்டாராம், வேறு ஆளைப் போடவில்லையாம். "நான் ரெண்டாங் கிளாசோட நிறுத்தினவன். எனக்க பிள்ளை பைபிளைத் தானா வாசிக்கணும் மயினி. அவ்வளவுதான்."

ஆடி மாத மழையில் சூளை வேலை நின்றிருந்தபோது அவர் தெற்கே ஊர்வலத்துக்குப் போனார். போகிறார் என்று அவர் மனைவிக்கே தெரியாது, அத்தை மகனைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லி விட்டுப் போயிருக்கிறார். களியக்காவிளைக்கு அப்பால் ஒரு சந்தை முக்கில் கூட்டம் கூடியது. போலீஸ் சுட்டது. செத்தவர்களில் அவரும் ஒருவர் என்று கூடப் போன அத்தை மகன் காட்டுப் பாதை வழியாக ஓடி வந்து சொன்னான். உடலை வீட்டுக்குத் தரவில்லை. தந்தால் ஊர்வலமாகி விடும் என்று பயந்தார்களோ என்னவோ. அங்கேயே எங்கோ அடக்கி விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எந்த இடம் என்று யாரும் திட்டமாகச் சொல்லவில்லை.

நாங்கள் சேதி அறிந்து போனபோது அவள் வாசற்படியில் இருந்தாள். அழவில்லை. "நான் பாக்கல்லையே மயினி. பாக்காம எப்பிடி நம்புவேன்?" என்று மட்டும் கேட்டாள். கோயிலில் சவப்பெட்டி இல்லாமலே ஜெபம் நடத்தினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி முன் பெஞ்சில் இருந்து கொண்டு வெறும் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பாட்டுப் பாடத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தி விட்டார்கள்.

நடை அத்தோடு நின்றது. அந்தக் காலத்தில் காமிராவோடு வெளியே இறங்குவதே ஆபத்து. போலீஸ் ஊர்வலப் படங்களை வைத்து ஆள் பிடிப்பதாகப் பேச்சு. இன்ஜினியரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் படம் எடுத்துக் கொண்டிருந்தார்.

பெண் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானம் முடிந்த பிறகு அவள் ஒரு நாள் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். பிள்ளையைப் படம் எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் நாற்காலியைத் துடைத்தேன்.

"அதுக்கில்லை மயினி," என்றாள். "எத்தனை பேரு எத்தனை தடவை அவரைப் பிடிச்சாங்க. நான் பக்கத்தில நிண்ணு பாத்ததாக்கும். அதில ஒண்ணு வாங்கித் தருவியளா? இவ கேக்கையில, இதுதான் உனக்க அப்பன்னு காட்டணும்."

எங்களிடம் ஒன்றும் இல்லை, நடைக்குப் போகையில் என் வீட்டுக்காரர் காமிரா கொண்டு போனதில்லை. காமிராக்காரர்களின் ஃபிலிமைச் சில சமயம் நாங்களே கழுவிக் கொடுத்ததுண்டு, ஆனால் நெகட்டிவ் எல்லாம் அவர்களோடு போய் விடும். என் வீட்டுக்காரர் அவளை உட்காரச் சொன்னார். "வா மக்கா, நாம திருவனந்தபுரத்துக்குப் போவோம். அவரு நல்ல மனுஷன், எடுத்துத் தருவாரு," என்றார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பிள்ளையுமாகப் போனோம். அவள் கல்யாணச் சேலையை உடுத்தியிருந்தாள்.

இன்ஜினியர் வீட்டில் எங்களை வரவேற்பறையில் இருத்தினார்கள். அவருடைய மனைவி காப்பி கொண்டு வந்து வைத்து விட்டு, குழந்தையைத் தன் மடியில் வாங்கிக் கொண்டார். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று தொங்கியது. சூளை வாய், உள்ளே தீ, அதன் முன்னால் கம்பைப் பிடித்துக் கொண்டு நிற்கிற ஒரு ஆளின் முதுகு. ஏதோ கண்காட்சியில் பரிசு வாங்கின படமாம். நான் அவளைப் பார்த்தேன். அவள் உள்ளே நுழைந்ததுமே அதைக் கண்டு விட்டிருந்தாள்.

விஷயத்தை என் வீட்டுக்காரர் சொன்னார். இன்ஜினியருக்குத் தீப்போடுகிறவர் இறந்ததே தெரியாது. கேட்டதும் எழுந்தார். பிறகு அலமாரியிலிருந்து பெட்டிகளை இறக்கினார். தரையில் துணி விரித்து எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். சூளையில் எடுத்ததே ஒரு பெட்டி நிறைய இருந்தது. கம்பைப் பிடித்த கைகள் மட்டும் ஒரு படம். புகைக்குள் கறுத்த உருவம் ஒரு படம். குனிந்திருக்கிற தோள். தரையில் விழுந்த நிழல். முகம் தெரிகிற ஒன்றிரண்டில் துண்டு மூக்கு வரைக்கும் ஏறியிருந்தது, கண்ணும் புகைக்குச் சுருங்கி மூடியிருந்தது. கடைசிப் பெட்டியையும் இன்ஜினியர் துணியில் கவிழ்த்தார். அவர் டாக்டர் வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும் ஆள் அனுப்பினார். அவர்களும் கையில் படங்களோடு வந்தார்கள். அவையும் அதே மாதிரிதான். தீயும் புகையும் முதுகும்.

"ஞான் வெளிச்சம் மாத்ரமே நோக்கியுள்ளூ," என்றார் இன்ஜினியர். நான் வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்தேன் என்று. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. கீழே பார்த்துக் கொண்டே சொன்னார்.

அவள் எழுந்து சுவரருகில் போனாள். கண்ணாடியில் கை வைத்தாள். "இது அவராக்கும்," என்றாள். "இந்தத் தோளில, இங்க, சுடுகல்லு விழுந்த தழும்பு உண்டு. தெரியுதா மயினி?"

இன்ஜினியர் உடனே ஸ்டூல் போட்டு ஏறி, படத்தை ஆணியிலிருந்து இறக்கினார். தன் மேல்துண்டால் தூசி துடைத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வேண்டாம் சாரே. நல்ல படம்தான். நான் கண்டா ஆளைத் தெரியும். இவளுக்கு எப்பிடித் தெரியும்? அப்பன் இவளைப் பாக்காம திரும்பி நிக்கியது போலல்லா இருக்கும்."

இன்ஜினியர் படத்தைக் கையில் வைத்துக் கொண்டே நின்றார். அவர் மனைவி குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுது விட்டார். நாங்கள் பஸ் ஏறித் திரும்பினோம். பாலராமபுரம் தாண்டியதும் பிள்ளை பசிக்கு அழுதது. அவள் முந்தானையை மூடிப் பால் கொடுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக் கொண்டே வந்தாள்.

சில வாரங்கள் கழித்து இன்ஜினியர் எங்கள் கடைக்கு வந்தார். தனியாக, காமிரா இல்லாமல். பையில் ஒரு நெகட்டிவ் வைத்திருந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த சாயாக்கடையை எடுத்தது. முன்னால் கடைக்காரர் சாயா ஆற்றுகிறார். பின்னால் பெஞ்சில் நாலைந்து பேர். அதில் ஒருவர் காமிராவை நேராகப் பார்க்கிறார், தலையில் துண்டு இல்லை. முகம் ஒரு மிளகளவுதான் இருக்கும். இது அவராக இருக்கலாம், அன்றைக்கு அவர் எங்களோடு சாயா குடிக்க வந்த ஞாபகம் உண்டு என்றார். எனக்கும் அந்த ஞாபகம் உண்டு.

இரண்டு பேரும் இருட்டறைக்குள் போனார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலைந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொட்டு, வாய் ஒரு கோடு, மற்றதெல்லாம் மணல் மாதிரிப் பரவிப் போனது. தாளை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். நான் ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடியில் போட்டேன். சாயங்காலம் ஆகும்போது கொடி முழுவதும் அந்த ஒரே முகம், ஒன்றுகூட முகமாக இல்லை. என் வீட்டுக்காரர் மருந்துத் தட்டுகளை எல்லாம் கவிழ்த்தார். "இனி இதில ஒண்ணும் இல்ல சாரே," என்றார்.

இருந்தும், உள்ளதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். அவள் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் வெகு நேரம் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். மாமியார் வந்து எட்டிப் பார்த்து, "எனக்க மோன்தான்," என்று நெஞ்சில் அடித்துக் கொண்டு அழுதாள். அவள் அழவில்லை.

"ஆரா வேணும்னாலும் இருக்கலாம் மயினி," என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். "அம்மைக்கு ஆறுதலா இருக்கட்டும். இங்க வச்சிருக்கேன்."

மாமியாரின் கட்டிலுக்கு மேலே அந்தப் படத்தை மாட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு காமிராவைத் தூக்கிக் கொண்டு சூளைக்குப் போனார். அங்கே உள்ள ஒவ்வொருவரையும் நேராக நிறுத்தி முகத்தை எடுத்து, அவரவர் கையில் பிரதி கொடுத்து விட வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். நானும் போனேன். ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. முன்பு முந்தானையைச் சரி செய்து கொண்டு நின்ற பெண்கள்கூட எழுந்து போய் விட்டார்கள். "படம் இருந்தாத்தான் போலீசுக்கு ஆளு தெரியும். நிங்க போங்க தம்பி," என்று ஒரு வயதானவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நாங்கள் ஆற்றங்கரை வழியாகத் திரும்பி வந்தோம். இனிமேல் இந்தப் பக்கம் காமிராவோடு வர மாட்டேன் என்று பாலத்துக்கு அருகில் அவர் சொன்னார். பிறகு வரவே இல்லை.

எல்லை பிரிந்தது. தெற்குத் தாலுகாக்கள் மதராசோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரையும் பாறசாலையும் இந்தப் பக்கமே, கேரளத்திலேயே நின்றன. அவர் எதற்காகப் போனாரோ அது அவர் ஊருக்குக் கிடைக்கவில்லை. மாமியார் இறந்த பிறகு அவள் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தன் அம்மை வீட்டுக்குப் போய் விட்டாள். அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் உண்டு என்று சொல்லியிருந்தாள். அவள் கல் அடுக்கின சூளையில் வேறு ஆட்கள் வந்தார்கள். இன்ஜினியருக்கு வடக்கே எங்கோ மாற்றலானது. அந்தப் பெரிய படத்தை அவர் மறுபடி சுவரில் மாட்டவில்லை என்று டாக்டர் ஒரு முறை சொன்னார்.

பல வருஷங்கள் சென்று ஒரு கல்யாண வீட்டுக்குப் போகையில் களியக்காவிளைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். மரச்சீனிக் கிழங்கு வாங்கிக் கொண்டிருந்தாள். கண்டதும் கையைப் பிடித்துக் கொண்டாள். "மயினி, சுகந்தானா? அண்ணன் எப்பிடி இருக்காரு?" என் வீட்டுக்காரர் இறந்து போனதைச் சொன்னேன். அவள் அங்கேயே கிழங்குக் கூடையை இறக்கி வைத்து விட்டு அழுதாள். தன் புருஷனுக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் பிள்ளை நின்றது. பாவாடை, இரட்டைப் பின்னல், தோளில் பள்ளிக்கூடப் பை. நான் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தேன். கண், மூக்கு, நெற்றி எல்லாம் பார்த்தேன். அச்சு அசல் அம்மையைப் போலவே இருந்தாள். வேறு சாயல் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

"என்ன மயினி அப்பிடிப் பாக்கிய?" என்றாள் அவள்.

"ஒண்ணும் இல்ல மக்கா. நல்லா வளந்துட்டா," என்றேன்.

பஸ் வந்தது. பிள்ளை எனக்குக் கை காட்டியது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் அப்பன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ சனிக்கிழமைகளில் பக்கத்தில் நின்று பேசிய மனுஷன். எனக்கும் வரவில்லை.